தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு பை

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. விண்ணப்பங்களை மெஷினே படித்துவிடுகிறது. நேர்காணல் லேப்டாப்பில் நடக்கிறது. மேலே கோட்டு, கீழே லுங்கி, யாருக்கும் தெரியாது. எல்லாம் சரி. ஆனால் ‘சேருகிறேன்’ என்று சொன்ன ஆள் சேர வேண்டிய நாளில் வந்து நிற்பாரா என்பதை எந்த மெஷினும் இதுவரை சொன்னதில்லை. என் உத்தியோக காலம் முழுவதும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த நாள் நெருங்கும்போது இந்த ஊரில் உறவினர்கள் வரிசையாக இறந்துபோவார்கள். மராத்திக்காரர்களுக்கு மாமா, குஜராத்திகளுக்குப் பெரியப்பா, நம்மவர்களுக்குச் சித்தப்பா. அத்தைகள் மட்டும் ஏனோ சாவதில்லை. நான் போனில் அனுதாபம் சொன்ன சித்தப்பாக்களில் சிலரைப் பிறகு கல்யாணப் பந்திகளில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்துவிட்ட அதிகாரி ஒரு மங்களூர்க்காரர். எப்போதும் பல்வலி வந்தவர் போல முகத்தை வைத்திருப்பார். ஆள் வரவில்லையென்றால் ‘ஏன் வரவில்லை’ என்று அவர் கேட்கவே மாட்டார். ‘வீட்டில் யாருக்கு மனசில்லை?’ என்றுதான் கேட்பார். முதல் கேள்விக்குப் பதிலாக ஒரு பொய் வரும், இரண்டாவதற்குப் பதிலாக ஒரு பெயர் வரும் என்பது அவர் கணக்கு. அவரிடமிருந்து நான் சுட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வேலையை எப்படிக் காப்பாற்றினோம் என்று சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு பெரிய சோப்புக் கம்பெனியில் மனிதவளத் துறைத் தலைவி. அம்பர்நாத் தொழிற்சாலையில் புதிய மெஷின் வரிசை ஒன்று தொடங்கவிருந்தது. அதற்கு ஒரு மெயின்டனன்ஸ் தலைவர் தேவை. தொழிற்சாலைகளின் தலைவராக அப்போதுதான் டில்லியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாங்கள் அவரை டில்லிக்காரர் என்றே சொல்வோம். மகா நவீனமான மனிதர். மீட்டிங்கை நின்றுகொண்டே நடத்துவார். மெஷின்களின் மேல் தொழிலாளிகள் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் வந்த வாரமே கழற்றச் சொன்னவர்.

வந்தவர்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் இசக்கிராஜ் வந்தார். விண்ணப்பத்தில் ‘சயான் வெஸ்ட்’ என்று முகவரி. அப்படி எழுதினால் பாதிப் பேர் தாராவி என்று ஆள் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, டிப்ளமா படித்தது எல்லாம் இங்கேதான். டில்லிக்காரர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?”

இசக்கிராஜ் கொஞ்சம் யோசித்தார். “மெஷின் நிற்காமல் ஓடினால் என்னை நீங்கள் எங்கேயும் பார்க்க மாட்டீர்கள் சார்” என்றார்.

டில்லிக்காரர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேலை உறுதியாயிற்று. இசக்கிராஜ் பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்து விலகிவிட்டார். அந்த இடத்துக்கு அவர்கள் வேறு ஆளும் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை புது வரிசையின் தொடக்க நாள். அதே திங்கட்கிழமை இவர் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“மேடம், எங்க சித்தப்பா தவறிட்டாங்க. நேத்து நைட்டு. ஒரே சித்தப்பா மேடம். நான் புதன்கிழமை வந்து சேரட்டுமா?”

அனுதாபம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பாயசம் ஞாபகம் வந்தது. ஆனாலும் டில்லிக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் அசையவில்லை. திங்கள் காலை மெஷின் ஓடும்போது மெயின்டனன்ஸ் தலைவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தவரைக் கூப்பிடு, அவர் நாளைக்கே வரத் தயார் என்றார். “புதன்கிழமைக்குத் தொடக்கத்தைத் தள்ளினால் என்ன?” என்று கேட்டேன். முடியவே முடியாதாம். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஏனென்றால் அதே தொடக்கத்தை அந்த வார வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்குத் தள்ளியவர் அவரேதான். காரணம் கேட்டதற்கு ஏதோ டெக்னிக்கல் என்றார்.

இந்த இடத்தில் உங்களில் யாராக இருந்தாலும் ஒரு மெயில் அனுப்பியிருப்பீர்கள். ‘தவறும் பட்சத்தில்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு வந்து சேர்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. நான் சனிக்கிழமை மத்தியானம் செம்பூரிலிருந்து ஓர் ஆட்டோ பிடித்துத் தாராவிக்குப் போனேன். துக்க வீடு என்பதால் பழம், பூ எதுவும் வாங்கவில்லை. வெளிர் நிறத்தில் ஒரு காட்டன் புடவை கட்டிக்கொண்டு, முகத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன்.

சந்துக்குள் வீட்டைக் கண்டுபிடித்தபோது, வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல ஆஜானுபாகு.

“இசக்கிராஜ் வீடு இதானா?”

“ஆமா. நீங்க?”

“ஆபீஸ்லேர்ந்து வரேன். அவரோட சித்தப்பா காலமாயிட்டார்னு சொன்னார். துக்கம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எந்தச் சித்தப்பா?”

“ஒரே சித்தப்பான்னு சொன்னாரே.”

“அது நாந்தான்” என்றார் அவர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “எப்பம் செத்தேன்?”

“வியாழக்கிழமை ராத்திரின்னு...”

“வியாழக்கிழமை ராத்திரி மீன் கொழம்புல்லா சாப்ட்டேன்.” உள்ளே திரும்பினார். “ஏல இசக்கி, இங்கன வா. என் துக்கத்துக்கு ஆபீஸ்லேந்து வந்திருக்காவ.”

இசக்கிராஜ் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், உண்மையிலேயே யாரோ இறந்துவிட்டதாகத்தான் யாருக்கும் தோன்றும். சித்தப்பா எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. சிரிக்காதவர் இசக்கிராஜ் ஒருவர்தான்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “இசக்கிராஜ், சித்தப்பாவை விடுங்கோ. வீட்டுல யாருக்கு மனசில்லை?”

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. “எனக்குத்தான் மேடம்.”

அவர் மனைவி பொன்செல்வி. முனிசிபல் பள்ளியில் சயின்ஸ் டீச்சர், படித்தது பிசிக்ஸ். கையில் எனக்கான டீயோடு வந்து நின்றார்.

“திங்கக்கெழம அஷ்டமி. செவ்வாக்கெழம நவமி. அந்த ரெண்டு நாளும் அவியள அனுப்ப மாட்டேன்னு நாந்தான் சொன்னேன். ஆபீஸ்ல அதச் சொன்னா சிரிப்பாங்கன்னு அவிய சித்தப்பா மாமாவக் கொன்னுட்டாவ.”

“நீங்க சயின்ஸ் டீச்சராச்சே.”

“அதனாலதான் மேடம். மொதல்ல எனக்கும் இதுல நம்பிக்க கெடையாது. இப்ப விட்டாவள்லா, அதுக்கு முந்தின கம்பெனில நவமில சேந்தாவ. அவிய அம்மா வேண்டாம்னாங்க, நாந்தான் கேலி பண்ணி அனுப்புனேன். வருசம் திரும்பல, கம்பெனிய மூடிட்டான். ஒரு தடவ பாத்தாச்சு, ரிசல்ட் வந்துட்டு. மறுபடியும் செஞ்சு பாக்கச் சொல்லுதீங்களா?”

டீயை என் கையில் கொடுத்தபோது அவர் குரல் தாழ்ந்தது.

“அந்த மழக்காலம் பூரா அவிய காலைல ஷூ போட்டுட்டுக் கெளம்பிருவாவ மேடம். வேல போனது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதுல்லா. சயான் ஸ்டேஷன்ல போய் உக்காந்துட்டு சாயங்காலம் வருவாவ. நான் ஸ்கூலுக்கு ட்ரெயின் ஏறப் போவேன். அதே பிளாட்பாரத்துல பெஞ்சுல இருப்பாவ. நான் பாக்காத மாதிரி போயிருவேன். இன்னொரு தடவ அப்படிப் போவ எனக்குத் தெம்பு இல்ல.”

இசக்கிராஜ் சட்டென்று நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் மனைவி தன்னைப் பார்த்திருக்கிறார் என்பது அந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. அஷ்டமியைப் பற்றி நான் சொல்ல வைத்திருந்த சாமர்த்தியமான வாக்கியங்கள் எல்லாம் அப்படியே நின்றுபோயின.

ஆனாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். “புதன்கிழமை வந்தா அந்த நாற்காலில வேற ஒருத்தர் இருப்பார்” என்றேன். “பழைய கம்பெனிலயும் இடம் இல்லை. திங்கட்கிழமை போகலேன்னா திரும்ப அந்த பெஞ்சுதான்.”

சித்தப்பா டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ரயிலேறும் நாள் சரியில்லையென்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை மாடிவீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். மறுநாள் நாம் புறப்படுவதில்லை. வைத்த பெட்டியை எடுக்கப் போகிறோம், அவ்வளவுதான். பெரிய பெரிய ஓட்டல்களில் நடந்த மனிதவள மாநாடுகளில் நான் பேசியிருக்கிறேன். இதை எங்கும் சொன்னதில்லை. தாராவியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

“பொட்டிய மொதல்ல எடுத்து வைக்கதுதான?” என்றார் சித்தப்பா. “எங்க ஊர்லயும் உண்டே.”

பொன்செல்வி மேலே பார்த்து யோசித்தார். ஆய்வகத்தில் நிபந்தனை வகுக்கிற மாதிரிதான் பேசினார். “பை கம்பெனி கேட்டுக்கு உள்ள போவணும். வெளிய வச்சாக் கணக்குல்ல. அவிய தெனம் தொடுத சாமான் அதுல இருக்கணும். வெறும் பைய வச்சா அது ஏமாத்து. நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வச்சிரணும்.”

“நானும் வரட்டா?” என்றார் சித்தப்பா.

“வேண்டாம் சித்தப்பா” என்றார் இசக்கிராஜ். “ஆபீஸ்ல நீங்க இறந்துட்டீங்க.”

ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு போனேன். ‘ஒரு பையை உள்ளே வைக்க விடு’ என்று செக்யூரிட்டியிடம் போனில் சொல்லி விளக்கக்கூடிய விஷயமா இது? ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள் என்பதை மூன்று பேருமே மறந்துபோயிருந்தோம். ரயில் கல்யாணுக்கு முன்னால் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பொன்செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இசக்கிராஜ் பொன்செல்வியைப் பார்த்தார், நான் சிக்னலைப் பார்த்தேன். யூனியன் தலைவர்களிடம் பேசியிருக்கிறேன், வேலைநிறுத்தங்களை முடித்துவைத்திருக்கிறேன். ஒரு ரயிலை மனதுக்குள் அப்படிக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

அம்பர்நாத்தில் இறங்கி, ஆட்டோவை விரட்டி, தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது நேரம் கொஞ்சம்தான் பாக்கி. வாசலில் இருந்த செக்யூரிட்டி சதாராக்காரர். மீசையைப் பார்த்தாலே மரியாதை வரும். எனக்கு சல்யூட் அடித்தார். பையைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

“இது யாருடைய பை மேடம்?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“இவருடையது. இங்கே வைத்துவிட்டுப் போவார்.”

“ஆள்?”

“நாளைக்கு வருவார்.”

“ஆள் இல்லாமல் பையா?” அவர் தலையை ஆட்டினார். “நை சலேகா மேடம், நடக்காது. லாவாரிஸ் பை உள்ளே வைக்கக் கூடாது. ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கத்துகிறார்களே.”

அவர் சொன்னது சரி. கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாதே, போலீசுக்குச் சொல் என்று நாள் முழுக்க அறிவிப்புக் கேட்டு வளர்ந்த ஊர் இது. போதாக்குறைக்கு, அந்த விதியைத் தொழிற்சாலையில் ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளே நான்தான். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. “ஆள் நாளைக்குத்தான் வருவார் என்றால் பை ஏன் இன்றைக்கு?” என்று கேட்டார். நான் இசக்கிராஜைப் பார்த்தேன். இன்னொரு சித்தப்பா தயாராகிக்கொண்டிருப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பொன்செல்வி முன்னால் வந்தார். அழகான ஸ்கூல் ஹிந்தியில் நேராகச் சொன்னார்: “நாளைக்கு எங்கள் வழக்கப்படி நாள் நன்றாக இல்லை அண்ணா. நாளைக்குத்தான் இவர் வேலையில் சேர வேண்டும். அதனால் இன்றைக்கே பையை அனுப்புகிறேன். உள்ளே டிபன் பாக்ஸும் ஒரு சட்டையும்தான் இருக்கிறது. திறந்து பாருங்கள்.”

செக்யூரிட்டி திறந்து பார்த்தார். மூடினார். மீசைக்குள் சிரித்தார்.

“இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்று பையை வாங்கிக்கொண்டு, தன் அறையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே, சிவப்புத் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, ஒரு தேங்காய் உட்கார்ந்திருந்தது. பையை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது யாருடையது?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “பெரிய சாருடையது. நேற்று அவர் டிரைவர் கொண்டுவந்தார். வீட்டுப் பண்டிதர் நாளைக்குக் காலைதான் முகூர்த்தம் என்று சொல்லியிருக்கிறாராம். அவர்கள் பக்கத்தில் அஷ்டமி தேவிக்கு விசேஷமாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நான் உங்களிடம் சொல்லவில்லை மேடம்.”

ஒருவருக்கு அஷ்டமி ஆகாது, ஒருவருக்கு அஷ்டமிதான் ஆகும். இருவருமே அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் சித்தப்பாவைக் கொன்றார், இன்னொருவர் டெக்னிக்கல் என்றார். அந்த வெட்கத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கின் வேலை போகவிருந்தது. பஞ்சாங்கம் பாருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. நான் நம்புகிறேனா என்பது என் சொந்த விஷயம். ஆளை எடுக்கும்போது அவருக்குப் பின்னால் வீட்டில் ஒருவர் நின்று பயந்துகொண்டிருப்பார். அவரிடமும் பேசுங்கள் என்கிறேன்.

திங்கட்கிழமை காலை நான் சீக்கிரமே போய்ச் செக்யூரிட்டி அறைக் கதவோரம் நின்றுகொண்டேன். இசக்கிராஜ் வந்தார். செக்யூரிட்டி அறைக்குள் போய்ப் பையைத் திறந்தார். அதே நேரத்தில், யாரும் கவனிக்கவில்லை என்ற நம்பிக்கையோடு டில்லிக்காரரும் உள்ளே வந்தார். அலமாரிக்கு முன்னால் இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

டில்லிக்காரர் சமாளித்துக்கொண்டு, “உங்கள் சித்தப்பா இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மிகவும் வருந்துகிறேன்” என்றார்.

“தேறிட்டார் சார்” என்றார் இசக்கிராஜ்.

டில்லிக்காரர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன். பிறகு அவரும் தேங்காயைப் பார்த்தார்.

“நல்லது” என்றார். “உடம்புதான் முக்கியம்.”

அதற்குப் பிறகு சித்தப்பாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. தேங்காயைப் பற்றி நானும் பேசவில்லை. தேங்காயை அவரே உடைத்தார். பட்டனை அழுத்தச் சொல்லி இசக்கிராஜைக் கூப்பிட்டார். இசக்கிராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீங்க ஆரம்பிங்க சார். நிக்காம நான் பாத்துக்கறேன்.” டில்லிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மெஷின் ஓடியது.

அன்று சாயங்காலம் செக்யூரிட்டி எனக்குப் போன் செய்தார். புது சாஹேப் டிபன் பாக்ஸைக் கழுவிப் பைக்குள் வைத்து, பையைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறார், விடலாமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை நவமி என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. விடுங்கள் என்றேன்.

புதன்கிழமை இரவுச் சமையலுக்கு நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பொன்செல்வி கூப்பிட்டார்.

“மேடம், பை வீட்டுக்கு வந்துட்டு.”

“அவர் வந்தாச்சா?”

“வந்துட்டாவ. ரெண்டு நாளா சும்மா அங்க போய்ட்டுப் போய்ட்டு வந்தாவ.” பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. “இன்னைக்குத்தான் மேடம் வேலைக்குப் போனாவ.”

கம்பெனிக் கணக்கில் அவர் சேர்ந்தது திங்கட்கிழமை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் கம்பெனி அவருக்கு வாழ்த்து அனுப்புகிறது. நன்றி என்று பதில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். இரண்டு நாள் கழித்துத்தான் தொழிற்சாலை முழுக்க அல்வா வரும். முதல் பொட்டலம் செக்யூரிட்டிக்கு. இப்போது எனக்கும் ஒன்று செம்பூருக்கு வந்துவிடுகிறது. கொண்டுவந்து கொடுப்பவர் சித்தப்பா.